மாதம் முழுக்கத் தினம் ஒரு பேய்ப்படம்: எஸ்டேட் டவுனில் இருந்துகொண்டு முடிப்பது எப்படி

தினம் ஒரு பேய்ப்படம் என்று ஆரம்பித்தவர்களை மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். தாமான் (வீடமைப்புப் பகுதி) பிள்ளைகள், லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இன்னும் இருக்கும் குடும்பங்கள், பேக்டரி பஸ் ஏறுகிறவர்கள். பாதியில் விட்டவர்களில் பயந்து விட்டவர் அரிது. இரவு ஒன்பதரைக்கு உட்கார்ந்து என்ன பார்ப்பது என்று தேடி, பத்தேகாலுக்கு லைன் போய், காலையில் எழ வேண்டுமே என்று படுத்துவிட்டவர்களே அதிகம்.

கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்யுங்கள். வேலை நேரம் தெரியாமல் பட்டியல் போட முடியாது. வீட்டாரிடம் பேசாமல் போட்ட பட்டியல் மூன்றாம் நாளே உடையும். பட்டியல் இல்லாமல் படங்களை முன்கூட்டி இறக்கி வைக்கவும் முடியாது. படம் ஓடத் தொடங்குவது எட்டாவது படியில்தான்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

வெளிநாட்டில் இதை அக்டோபரில் செய்வார்கள். மாதக் கடைசியில் ஹாலோவீன் வருகிறது. நமக்கு அந்த மாதம் ஒத்துவராது. அக்டோபர் நடுவரை புரட்டாசி ஓடும், நவராத்திரியும் பெரும்பாலும் அந்த வாக்கில்தான் வரும். பிறகு தீபாவளிக்கு வீடு கழுவுவதும் முறுக்குச் சுடுவதும் தொடங்கிவிடும். விரதம் இருக்கும் வீட்டில் ரத்தம் தெறிக்கும் படத்தை ஓடவிட்டால் வீணான மனக்கசப்பு. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர் வீட்டில் இருந்தால் அதற்கு முந்தைய வாரங்களும் கூடாது. ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்கள்.

மே, ஜூன் வசதியானவை. ஆகஸ்ட் பிற்பகுதியையும் சிலர் விரும்புகிறார்கள். சீனர்களின் ஏழாம் மாதம் பெரும்பாலும் அந்தச் சமயத்தில் வரும்; டவுனில் ரோட்டோரம் ஊதுபத்தி, காகிதம் எரியும் வாசனை என்று ஊரே அந்த மனநிலையில் இருக்கும். அது வேண்டும் என்பவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம்.

தேதி 1-இல்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. சம்பளம் வந்து டேட்டா போட்ட மறுநாள் தொடங்குங்கள். மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்து நிற்பது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது.

2. உங்கள் நிமிடங்களை எண்ணுங்கள்

ஒரு படத்துக்குச் சராசரியாக 100 நிமிடம் வைத்தால், 31 படத்துக்கு 3,100 நிமிடம்; ஏறக்குறைய 52 மணி நேரம். இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு தாளில் முப்பது, முப்பத்தொரு கட்டம் போட்டு, ஒவ்வொரு நாளும் உண்மையில் எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று எழுதுங்கள். விடியற்காலைப் பெரட்டுக்கு (தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு) போகிறவர் இரவு பத்துக்குள் முடிக்க வேண்டும். எட்டுக்குத் தொடங்கினால் அவருக்கு இரண்டு மணி நேரம். ஷிப்ட் வேலைக்காரர் ஷிப்ட் அட்டவணையைப் பார்த்தே எழுத வேண்டும். இரவு ஷிப்ட் வாரத்தில் காலையில் வீடு திரும்பியதும் பார்க்காதீர்கள். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, வேலைக்குப் போகும் முன் பாருங்கள். இரவெல்லாம் விழித்த உடம்பு படத்தின் நடுவிலேயே தூங்கிவிடும். தூங்கிய படம் பார்த்த படமாகாது.

பசார் மாலாம் (இரவுச் சந்தை) நாள், கோயில் நாள், ஓ.டி. வரக்கூடிய நாள் மூன்றையும் தனி நிறத்தில் குறியுங்கள். அந்த நாட்களுக்குக் குட்டிப் படங்கள் தேவைப்படும்.

3. வீட்டில் சொல்லிவிடுங்கள்

இந்தப் படியைப் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆறாம் நாள் இரவு பாட்டி வந்து, “விளக்கு வச்ச வீட்ல என்னடா இது, தினமும் பேயக் கூப்பிடற மாதிரி?” என்று கேட்டால் பதில் இருக்காது. முன்பே சொன்னால் பாட்டிக்குத் தன் நிபந்தனையைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும். பெரும்பாலும் அவை எளிய நிபந்தனைகள்: வெள்ளிக்கிழமை வேண்டாம், அமாவாசை வேண்டாம், சாமி அறைக்கு எதிரே வேண்டாம். வெள்ளிக்கிழமைப் படத்தைப் பகலிலேயே கைப்பேசியில், ஹெட்போனோடு பார்த்துவிடலாம் என்று கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் வாரத்துக்கு ஒரு நாள் விட்டு, ஞாயிறு இரண்டு படம் என்று திட்டத்தையே மாற்றுங்கள். பெரியவர்களின் நம்பிக்கையோடு முப்பது நாள் மல்லுக்கட்டிக்கொண்டு எந்தப் படத்தையும் ரசிக்க முடியாது.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், தணிக்கையில் 16, 18 என்று குறிக்கப்பட்ட படங்கள் அவர்கள் தூங்கிய பிறகுதான். பிள்ளை தூக்கம் கெட்டு எழுந்தால் மறுநாளிலிருந்து உங்கள் திட்டத்துக்கு வீட்டில் ஆதரவு இருக்காது, அதுவும் நியாயம்தான்.

லயத்திலோ பக்கத்து வீட்டிலோ துக்கம் நடந்தால் சத்தமுள்ள பேய்ப்படம் கூடவே கூடாது. அந்த நாட்களுக்காகவே ஒன்றிரண்டு மௌனப் படங்களைப் பட்டியலில் வைத்திருங்கள். 1920-இல் வந்த ‘டாக்டர் கலிகாரி’, 1922-இல் வந்த ‘நோஸ்ஃபெராத்து’ இரண்டையும் ஒலியே இல்லாமல் எழுத்தை வாசித்தபடி பார்க்கலாம்.

4. நாற்பது படங்களை எழுதுங்கள்

முப்பது படம் வேண்டுமென்றால் நாற்பது எழுதுங்கள். சில படங்கள் நம் நாட்டில் கிடைக்காது, சிலவற்றுக்குச் சப்டைட்டில் இருக்காது, சிலவற்றைப் பத்து நிமிடத்தில் உங்களுக்குப் பிடிக்காமல் போகும். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் குறியுங்கள்: எத்தனை நிமிடம், எந்த மொழி, எந்த வகைப் பயம்.

வகை என்றால் எனக்குப் போதுமான பிரிவுகள் ஐந்து. திடுக்கிட வைப்பது. மெல்ல ஊறுவது. ரத்தமும் உடம்பும். சிரிப்போடு கலந்த பேய். நமக்குத் தெரிந்த நம்பிக்கையிலிருந்து வருவது.

குட்டிப் படங்களை முதலில் தேடிப் பிடியுங்கள், ஏனெனில் வேலை நாட்களைக் காப்பாற்றுபவை அவைதான். 1942-இன் ‘கேட் பீப்பிள்’ 73 நிமிடம். கொரோனா ஊரடங்கில் ஜூம் வழியே எடுக்கப்பட்ட ‘ஹோஸ்ட்’ ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. நம் நாட்டு ‘ரோ’, எமிர் எஸ்வான் இயக்கியது, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். காட்டுக்குள் ஒரு குடிசை, ஒரு தாய், இரண்டு பிள்ளைகள். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களை அது சும்மா விடாது.

தமிழ்ப் படங்கள் நீளமானவை. ‘சந்திரமுகி’ இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும். இவற்றைச் சனி, ஞாயிறுக்கே ஒதுக்குங்கள். புதியவர்கள் தெரிந்த படம் என்று தமிழ்ப் படங்களையே முதல் வார வேலை நாட்களில் அடுக்கி, நான்காம் நாளிலேயே தூக்கம் கெட்டு நிற்கிறார்கள். கொரியப் படமான ‘த வெய்லிங்’ 156 நிமிடம், அதற்கும் ஞாயிறுதான்.

மலாய்ப் படங்களை ஒதுக்காதீர்கள். நம் பிள்ளைகள் பலர் ஜப்பான், கொரியா என்று போய்விட்டுப் பக்கத்தில் இருப்பதைப் பார்ப்பதில்லை. பி.என். ராவ் என்ற இந்தியர் இயக்கி 1957-இல் வந்த ‘பொந்தியானாக்’கின் பிரதி இன்று இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு அவரே இயக்கிய ‘சும்பா பொந்தியானாக்’ இருக்கிறது. ஷுஹைமி பாபாவின் ‘பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்’ (2004), ஷம்சுல் யூசோப்பின் ‘முனாஃபிக்’ (2016) இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். சிரிப்புக்கு நம் பேராக் மாநிலத்துக்காரர் மாமாட் காலிட் எடுத்த ‘ஹந்து காக் லிமா பாலேக் ரூமா’ (2010). மொழி புரிவதால் சப்டைட்டில் தேடும் வேலையும் இல்லை.

5. வரிசை போடுங்கள்

இந்தப் படிக்கு ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குங்கள். நல்ல படங்களையே தவறான வரிசையில் பார்த்து, “அக்கா, பயமே வரல லா, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு” என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். படம் மங்கவில்லை, ஒரே வகைப் பயத்தைத் தொடர்ந்து கொடுத்ததில் மனம் மரத்துப்போயிருக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து கதவு மூலையிலிருந்து முகம் பாய்ந்தால், நான்காம் நாள் கதவைக் கண்டதும் கண் தானாகவே மூலைக்குப் போய்விடும்.

முதல் விதி: ஒரே வகை அடுத்தடுத்து வரக்கூடாது. திடுக்கிட வைக்கும் படத்துக்கு மறுநாள் மெல்ல ஊறுவதை வையுங்கள். ரத்தப் படத்துக்கு மறுநாள் சிரிப்புப் பேய்.

இரண்டாம் விதி: மிகப் பயங்கரம் என்று கேள்விப்பட்டதை முதல் நாள் வைக்காதீர்கள். எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். அதைப் பார்த்த கண்ணுக்கு அடுத்த பத்து நாளும் சப்பென்று தெரியும். ‘த எக்ஸார்சிஸ்ட்’ (1973) மாதிரிப் படத்துக்குப் பதினைந்தாம் நாள் பக்கம் இடம் கொடுங்கள். அதற்குள் பொறுமையாகப் பார்க்கும் பழக்கம் வந்திருக்கும். அந்தப் படம் முதல் பாதியை அவசரமில்லாமல் கட்டுகிறது, பழக்கமில்லாதவர் அந்த இடத்திலேயே கைப்பேசியை எடுத்துவிடுவார்.

முதல் நாளுக்கு நான் சொல்வது ‘யாவரும் நலம்’ (2009). ஒரு குடும்பம் புதுவீடு போகிறது, அங்கே டிவி சீரியலில் ஓடுவது அவர்கள் வீட்டுக் கதையாகவே இருக்கிறது. தினமும் சீரியல் பார்க்கும் அம்மாவும் அத்தையும் தாங்களாகவே வந்து உட்காருவார்கள். வீடு முதல் நாளே உங்கள் பக்கம் வந்துவிடும். சனிக்கிழமையில் தொடங்கினால் அதன் நீளமும் உறுத்தாது.

மூன்றாம் விதி: மூலமும் மறு ஆக்கமும் அருகருகே வேண்டாம். மலையாள ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) பார்த்த மறுநாள் ‘சந்திரமுகி’ (2005) பார்த்தால் இரண்டாவது படம் ஒப்பிடும் வேலையாகிவிடும். ஜப்பானிய ‘ரிங்’ (1998), அமெரிக்க ‘த ரிங்’ (2002), இந்தோனேசிய ‘பெங்காப்டி சேத்தான்’ 1980-ஆம் ஆண்டுப் படம், ஜோகோ அன்வாரின் 2017 படம், எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. குறைந்தது ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். பாகம் இரண்டு, மூன்று என்று வரிசையாக ஓட்டுவதும் இதே தவறுதான்.

நான்காம் விதி: வானிலைக்கும் ஒரு படம் வைத்திருங்கள். ‘ஈரம்’ (2009) படத்தில் தண்ணீர் வழியேதான் எல்லாம் நடக்கிறது. அதற்குத் தேதி போடாமல் வைத்து, மழை இறங்கும் மாலையில் எடுங்கள். கூரையிலிருந்து சொட்டும் சத்தம் வெளியிலா படத்திலா என்று தெரியாத நிமிடங்கள் கிடைக்கும். இந்த மாதத்தில் நான் மிகவும் நேசிக்கும் மாலை அது.

ஐந்து கட்டங்களை வெறுமையாக விடுங்கள். அவை எதற்கென்று ஒன்பதாவது படியில் வருகிறது.

6. படம் கையில் இருக்கட்டும்

ஒவ்வொரு படமும் எங்கே கிடைக்கிறது என்று பட்டியலில் எழுதுங்கள். வெளிநாட்டு நண்பர் சொன்ன தளத்தில் நம் நாட்டுக் கணக்குக்கு அந்தப் படம் இல்லாமல் போகலாம், ஆகவே உங்கள் கணக்கிலேயே தேடிப் பாருங்கள்.

டேட்டா கணக்கு இது: நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் அளவுப்படி சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரை, எச்டி தரத்தில் 3 ஜிபி வரை போகும். 52 மணி நேரத்துக்கு முதலாவது சுமார் 50 ஜிபி, இரண்டாவது 150 ஜிபிக்கு மேல். வீட்டில் பைபர் லைன் இல்லாதவர்கள் டவுனில் இருக்கும் உறவினர் வீட்டிலோ வைபை உள்ள கடையிலோ இறக்கிக்கொள்ளுங்கள். மாதம் முழுவதற்கும் ஒரேயடியாக இறக்காதீர்கள். இறக்கிய படங்களுக்குக் காலக்கெடு உண்டு. சிலவற்றை ஓட்டத் தொடங்கிய 48 மணி நேரத்தில் முடித்தாக வேண்டும். ஞாயிறுதோறும் ஒரு வாரத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காசில்லாமல், சட்டப்படியே கிடைக்கும் நல்ல படங்களும் உண்டு. ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ (1968) வெளியான பிரதிகளில் பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டதால் அமெரிக்காவில் அது பொதுச்சொத்தானது. 96 நிமிடம், இன்றைக்கும் உறைக்கும். ‘ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்’ (1959) 75 நிமிடம். ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ (1962) யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு நல்ல படம். மூன்றும் இன்டர்நெட் ஆர்கைவில் கிடைக்கும்.

கைப்பேசியில் எப்போதும் ஒரு படம் முழுதாக இருக்கட்டும். மாலை இடி மழையில் டிவி, மோடம் இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். மின்னல் இறங்கினால் பெட்டியே போய்விடும். கரண்டு இல்லாத இருட்டில் சின்னத் திரையில் பார்க்கும் பேய்ப்படத்துக்குத் தனிப் பலம் உண்டு.

7. திரையையும் ஒலியையும் சரிசெய்யுங்கள்

டிவியில் ‘விவிட்’ அமைப்பை எடுத்துவிட்டு ‘சினிமா’ அல்லது ‘மூவி’ அமைப்பு வையுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி இருந்தால் அணையுங்கள். அது எந்தப் படத்தையும் சீரியல் மாதிரி ஆக்கிவிடும். ‘ரோ’ போன்ற இருட்டுப் படத்தில் நிழலுக்குள் நிற்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பிரைட்னசைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் ஏற்றியது அதிகம்.

அறை விளக்கை அணைத்து, டிவிக்குப் பின்னால் மட்டும் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். திரையில் பிரதிபலிக்காது, கண்ணும் வலிக்காது. பாட்டிக்கும் முழு இருட்டு இல்லை என்ற நிம்மதி.

ஒலியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். மெதுவாகப் பேசும் காட்சியில் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுவார்கள், இரண்டு நிமிடத்தில் அலறல் வரும், பக்கத்து வீடு விழித்துக்கொள்ளும். இந்தப் படங்கள் வேண்டுமென்றே அடங்கிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் நடுவே பெரிய இடைவெளி வைக்கின்றன. ஆகவே ஒலியை உரத்த காட்சிக்கு ஏற்றபடி வைத்துவிட்டு, தாழ்ந்த பேச்சைச் சப்டைட்டிலில் வாசியுங்கள். டிவியில் இரவு ஒலி அமைப்பு இருந்தால் அது இந்த இடைவெளியைக் குறைக்கும். தடுப்புச் சுவர் பலகையாக இருக்கும் லயத்தில் ஹெட்போன்தான் மரியாதை. தகரக் கூரையில் மழை அடிக்கும்போது எப்படியும் எதுவும் கேட்காது, ஆகவே எந்த மொழிப் படத்துக்கும் சப்டைட்டிலை முன்பே பரிசோதித்து வையுங்கள்.

8. ஒவ்வோர் இரவும்

சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மறுநாள் உடுப்பை எடுத்து வைத்துவிட்டு உட்காருங்கள். பாதியில் எழுந்தால் கட்டிவந்த பயம் கலையும். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். டிரெய்லர் பார்க்க வேண்டாம், கதைச் சுருக்கமும் வேண்டாம். நல்ல திடுக்கிடல்களை டிரெய்லரிலேயே போட்டுவிடுகிறார்கள்.

இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டுமென்றால் பகல் காட்சி ஒன்றில் நிறுத்துங்கள், முடிந்தவரை முதல் பாதிக்குள். இரவுக் காட்சியின் நடுவில் நிறுத்தினால் மறுநாள் அந்த இறுக்கம் திரும்ப வராது.

முடிந்ததும் நேராகப் படுக்காதீர்கள். ஒரு தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) போட்டு, பாட்டு கேட்டு, அரை மணி நேரம் கழித்துப் படுங்கள். நெஞ்சு படபடப்போடு படுத்தால் தூக்கம் தள்ளிப்போகும், நான்கு நாளில் அசதி சேர்ந்துவிடும்.

நண்பர் வீட்டில் பார்த்தால் அங்கேயே தங்குங்கள், அல்லது இருவராகத் திரும்புங்கள். செம்பனைக் காட்டு ரோட்டில் விளக்கில்லை, மாடு படுத்திருக்கும், காட்டுப்பன்றி குறுக்கே ஓடும். தூக்கக் கண்ணோடு மோட்டார் ஓட்டும் வழியல்ல அது.

9. நோட்டில் எழுதுங்கள், பட்டியலைத் திருத்துங்கள்

விமர்சனம் எதையும் வாசிக்கும் முன் மூன்று வரி எழுதுங்கள். எந்த நிமிடத்தில் பயந்தீர்கள், அப்போது திரையில் என்ன இருந்தது, படம் முடிந்து வீட்டில் எந்த இடத்துக்குப் போகத் தயங்கினீர்கள். மூன்றாவது வரிதான் அதிகம் சொல்லும். பின்கட்டுக் குளியலறையா, கிணற்றடியா, கண்ணாடியா என்று பாருங்கள்.

பத்தாம் நாள் உட்கார்ந்து முழுவதையும் வாசியுங்கள். உங்களைத் தொடும் வகை எது, தொடாத வகை எது என்று தெளிவாகத் தெரியும். ஒருவருக்குப் பேய் ஒன்றும் செய்யாது, ‘பீட்சா’ (2012) மாதிரி ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொள்வதுதான் வியர்க்க வைக்கும். இன்னொருவருக்குப் பேய் மேல் இரக்கம் வரும் ‘பிசாசு’ (2014) பல நாள் மனதில் நிற்கும். வெறுமையாக விட்ட ஐந்து கட்டங்களை இப்போது நிரப்புங்கள்: மூன்று உங்களைத் தொட்ட வகையில், இரண்டு நீங்கள் இதுவரை தவிர்த்த வகையில். தவிர்த்ததில்தான் பலருக்கு மாதத்தின் சிறந்த படம் அமைகிறது.

10. தவறிய நாளும் கடைசி வாரமும்

ஒரு நாள் தவறினால் அந்த வாரத்து ஞாயிறு பகலில் ஒன்று, இரவில் ஒன்று. இரண்டு நாள் தவறினால் ஒன்றை ஞாயிறு பாருங்கள், மற்றதற்கு மாத முடிவில் ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மூன்று வேண்டாம். மூன்றாவது படத்தில் கண் திறந்திருக்கும், மனம் இருக்காது.

உண்மையான தொந்தரவு வந்தால், அதாவது மூன்று இரவு தொடர்ந்து தூக்கமில்லை, தனியாக இருக்க முடியவில்லை, நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றால், அந்த வகையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு ஒரு வாரம் சிரிப்புப் பேய்களோடு இருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

இருபதாம் நாளுக்குப் பிறகு அலுப்பு வரும். அந்த வாரத்துக்கு ஆட்களைக் கூப்பிடுங்கள். ‘காஞ்சனா’ (2011) மாதிரிப் படத்தைக் கூடம் நிறைந்த கூட்டத்தோடு பார்த்தால்தான் அது எதற்காக எடுக்கப்பட்டதோ அது நடக்கும். ஈப்போ தியேட்டரில் அப்போது ஏதாவது பேய்ப்படம் ஓடினால் ஒரு நாளை அங்கே வையுங்கள். திரும்பி வர ஆகும் நேரத்தையும் கட்டத்தில் சேர்த்து, மறுநாள் லீவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாளுக்கு முதல் வாரத்தில் உங்களை அதிகம் பயமுறுத்திய படத்தையே மீண்டும் போடுங்கள். நோட்டில் எழுதிய நிமிடம் வரும்போது கேமரா எங்கே நிற்கிறது, ஒலி எப்போது அடங்குகிறது, எத்தனை நொடி காக்க வைக்கிறார்கள் என்று கவனித்து, பழைய மூன்று வரிக்குக் கீழேயே எழுதுங்கள்.